ஊதல் அக்காவின் இருபத்தாறாம் தேதி

வண்டி ஓட்டி வந்தவர் குழாயை வாயில் வைக்க வேண்டியதுதான், ஊதல் அக்காவின் கன்னங்கள் உப்பத் தொடங்கிவிடும். "ஊதுங்க. இன்னும். நிறுத்தாதீங்க, வயித்துலேருந்து வரட்டும்" என்று சொல்லும்வரைதான் பேச்சு. அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவரும் கூடவே உப்புவார். குழந்தைக்கு ஊட்டும்போது தாய் தன் வாயைத் திறப்பாளே, அந்த வகை. எதிரே இருப்பவர் எவ்வளவு ஊதுகிறாரோ அவ்வளவுக்கு இவர் கன்னம் பெருக்கும். கருவி கீச்சென்று கத்தும். இருவரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு, இதில் குடித்தவர் யார், பிடித்தவர் யார் என்று சட்டென்று பிடிபடாது.

போக்குவரத்துக் காவலில் உதவி ஆய்வாளர் அவர். வயது ஐம்பத்துநாலு. பெயரைப் பித்தளையில் பொறித்துச் சட்டையில் குத்தியிருக்கிறார். அதைப் படித்தவர் எவரும் இல்லை. காவல் நிலையத்தில் ஊதல் அக்கா, சாலையில் ஊதல் அம்மா. மூன்று முறை மாட்டியவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பெயர் அச்சில் ஏறாது.

கன்னம் உப்பும் பழக்கம் வேலையில் வந்ததில்லை. மகள் சிறுமியாக இருந்தபோது சூடான பாலை ஊதி ஊதித்தான் குடிப்பாள். அவள் ஊத ஊத அம்மா கன்னமும் உப்பும். மகள் டம்ளரை வைத்துவிட்டு அந்தக் கன்னத்தில் ஒரு விரலால் குத்துவாள். புஸ்ஸென்று காற்றுப் போகும். மேஜையெல்லாம் பால் தெறிக்கச் சிரிப்பாள். பால் ஆறிவிட்டது, மகள் வளர்ந்துவிட்டாள், கன்னம் மட்டும் இன்னும் எல்.கே.ஜி.யிலேயே இருக்கிறது.

இன்னொரு பழக்கம், வேலை நேரத்தில் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பார்வையெல்லாம் கருவியின் சின்னக் கண்ணாடியில் வரும் எண்மேல்தான். "மூஞ்சியப் பாத்தா அது சொல்ற கதையெல்லாம் கேக்கணும். நம்பர்னா ஒரே பேச்சு" என்பார். இதனால் ஊரில் பாதிப் பேரை அவருக்குச் சட்டையின் மேல்பொத்தானுக்குக் கீழேதான் தெரியும். கடையில் ஒருவர் வலிய வந்து வணக்கம் சொல்வார், நலம் விசாரிப்பார். அக்கா விழிப்பார். அவர் குனிந்து பையை எடுக்கும்போது சட்டைப் பையில் வரிசையாக மூன்று பேனா தெரியும். "ஓ, நீங்களா. போன பத்தொம்பதாம் தேதி, மத்தியானம் மூணே முக்கால்" என்று அக்கா முகம் மலர்ந்து சொல்வார். கடையில் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். நம் வாய் சும்மா இருந்திருக்கலாமே என்று அந்த மனிதர் வீடு போகும்வரை யோசித்துக்கொண்டு போவார்.

டிசம்பர் பிறந்தால் அக்காவுக்குச் சமையலறைக் கதவுதான் அலுவலகம். அதில் மாதக் காலண்டரின் கடைசித் தாள் தொங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்கு ஊரில் என்ன தப்பு நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே எழுதிவிடுவார். நடந்தால் சரி போடுவார். நடக்காவிட்டால் முகம் வாடிவிடும். பிறகு, நடந்திருக்கும், எவனும் வெளியில் சொல்லியிருக்க மாட்டான் என்று சமாதானமாகி அரைச் சரி போடுவார், விடை தப்பானாலும் வழிமுறைக்குப் பாதி மதிப்பெண் போடுகிற கணக்கு வாத்தியார் மாதிரி. இருபத்தாறு வருடத்து டிசம்பர் தாள்களும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் கல்யாணப் படம் இருக்கும்.

"மனுசன் புதுசா ஒரு தப்பும் பண்ண மாட்டான். போன வருசம் பண்ணதையே அதே தேதில, அதே மூலைல திரும்பப் பண்ணுவான். என்ன, சட்டைதான் வேற போட்டிருப்பான்" என்பது அவர் கண்டுபிடிப்பு.

முதல் வாரம் இடச் சண்டை. கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. கணவன் சுற்றிச் சுற்றி வர, மனைவி காலியிடத்தில் தானே போய் நின்றுகொள்வாள், பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல. அதே இடத்தில் இன்னொரு வீட்டு அம்மாவும் வந்து நின்றுவிட்டால் அன்றைக்குக் காலண்டரில் சரி. இரண்டாம் வாரம் கண்ணாடி உடைப்பு. பின் சீட்டில் பளபளவென்று சுற்றிய பொட்டலத்தை வைத்துவிட்டு, அதற்கு ஜோடி வாங்க மறுபடி கடைக்குள் போவார்கள். அதற்குள் முதல் பொட்டலம் போயிருக்கும். அப்படி எடுத்த பெட்டியை அடுத்த தெருவிலேயே பிரித்து, உள்ளே இருந்த செருப்பைப் போட்டுப் பார்த்து, அளவு சேராததால் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டுப் போன திருடன் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது அக்காவின் குரலில் லேசாக மரியாதை தட்டும்.

மூன்றாம் வாரம் அலுவலக விருந்து. குடிகாரன் ராத்திரிதான் கிடைப்பான் என்று நினைப்பவர்கள் புதிதாக வேலைக்கு வந்தவர்கள். அக்கா மத்தியானம் மூன்றரைக்குப் போய் நிற்பார். கழுத்துப் பட்டையும் பளபளப்புக் காலணியுமாக வரிசையாக வருவார்கள். எத்தனை குடித்தீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "ரெண்டே ரெண்டுங்க." இருபத்தாறு வருடத்தில் ஒருவர்கூட ஒன்று என்று சொன்னதில்லை, மூன்று என்றும் சொன்னதில்லை. கருவி எதைக் காட்டினாலும் வாய் இரண்டுதான் காட்டும். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் இடி. பின் சீட்டில் கேக் சரிந்துவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பவர், சிக்னலில் முன்னால் நிற்கிறவர்மேல் போய் மோதுவார். முன் விளக்கு உடைந்திருக்கும், மூக்கு வீங்கியிருக்கும், கேக் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். கிறிஸ்துமஸ் அன்று சாலை வெறிச்சென்று கிடக்கும்; வருடம் முழுக்க ஊர்ந்தவர்கள் அன்றைக்குப் பறப்பார்கள். முப்பத்தொன்றாம் தேதியை அக்கா மதிப்பதே இல்லை. அன்று எல்லோரும் பயந்து ஒழுங்காக இருப்பார்களாம். மேற்பார்வைக்கு ஆள் வந்த நாளில் பிட் அடிக்காமல் இருப்பதில் என்ன பெருமை என்பார்.

புதிதாக வந்த ஆய்வாளர் ஒருமுறை பண்டிகைக் காலக் குற்றங்களின் போக்கு என்று சுவரில் வண்ணப்படம் காட்டி ஒரு மணி நேரம் விளக்கினார். நீலத் தூண்கள், பச்சைத் தூண்கள். இருபத்தாறாம் தேதி காலையில் மட்டும் ஒரு சிவப்புத் தூண் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. வேறெந்த ஊரிலும் இப்படி இல்லை, பதிவில் ஏதோ பிழை இருக்கலாம் என்றார் ஆய்வாளர். அக்கா கையைத் தூக்கினார்.

"பிழை இல்லீங்கய்யா. அங்க நான் நிக்கிறேன்."

அவர் கணவர் சாவிக்காரர். கடைத்தெருவில் ஓர் ஆள் நின்றால் நிரம்பிவிடும் கடை. பூட்டும் சாவியும்தான் வேலை. ஊரில் வீதிகள் அக்கா பங்கு என்றால் வீடுகள் இவர் பங்கு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊரே வெளியூர் போகும், கதவெல்லாம் பூட்டிக் கிடக்கும், இருபத்தேழிலிருந்து இவருக்குப் போன் அடிக்கும். உடைந்த பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உடைத்தவன் பொறுமைசாலியா அவசரக்காரனா என்று சொல்லிவிடுவார். காலண்டரில் அக்காவின் பேனா எழுத்துக்குக் கீழே இவருடைய பென்சில் எழுத்து இருக்கும்: 'பின்கதவு, இரண்டு வீடு.' தான் எழுதியது பலிக்க வேண்டும் என்று அக்கா எதிர்பார்ப்பார். பலித்துத் தொலைக்கிறதே என்று வருந்திக்கொண்டே சாவிக்காரர் தன் பையைத் தூக்குவார்.

இருபத்தாறாம் தேதிக் கட்டத்தில் மட்டும் சிவப்பு மை. 'காலை எட்டு முதல் பத்து. நேற்றுப் போதை' என்று இருக்கும். முந்தின நாள் விருந்தில் குடித்தவர் நன்றாகத் தூங்கி, எழுந்து, குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பார். தெளிந்துவிட்டது என்று சத்தியம் செய்வார். அது பொய்யும் இல்லை, அவருக்கே தெரியாது. ஆள் இன்றைக்கு வந்திருப்பார், ரத்தம் இன்னும் நேற்றிலேயே இருக்கும். பொய் சொல்கிறவனைச் சமாளித்துவிடலாம், தெரியாமல் தப்பாகச் சத்தியம் செய்கிறவன்தான் ஆபத்து என்பார் அக்கா.

அது படித்துத் தெரிந்துகொண்டதில்லை. பதினோரு வருடத்துக்கு முன் இதே தேதிக் காலையில் ஒரு வண்டியை நிறுத்தினார். ஓட்டி வந்தவர் மழுங்கச் சவரம் செய்து, தலையைப் படிய வாரி, பார்ப்பதற்குத் தலைமையாசிரியர் போல இருந்தார். முகத்தைப் பார்த்த அக்கா, போங்க சார் என்று கையைக் காட்டிவிட்டார். கருவியை எடுக்கவே இல்லை. அடுத்த திருப்பத்தில் தெருப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவின் இடது காலில் அந்த வண்டி ஏறியது. பெருக்குகிற அம்மா பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தப் பக்கத்துத் தெருக்களைத்தான் பெருக்குகிறார், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தபடி. அக்காவைக் கண்டால் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு, "என்ன எஸ்.ஐ. அம்மா, இன்னிக்கு எத்தனை தலைமையாசிரியரு" என்று கேட்பார். கேலிதான். அக்காவும் சிரிப்பார். அன்றிலிருந்துதான் முகம் பார்ப்பதில்லை.

மாப்பிள்ளையைக்கூட அவர் முகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பையன் முதல்முதலாக வீட்டுக்கு வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. நாற்சந்தியில் ஒரு காக்கைகூட இல்லை. அக்கா சீருடை இல்லாமல் எதிர்க்கடையில் பழம் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு பச்சை நிற வண்டி வந்து சிவப்பு விளக்குக்கு நின்றது. முழு எழுபது விநாடி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான். அப்போதும் அசையவில்லை. பழத்தோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் அதே வண்டி. அக்கா கணவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"யாருமே இல்லாத சிவப்புக்கு நின்ன பையன். வேலை, சம்பளமெல்லாம் நீங்க கேட்டுக்குங்க. எனக்கு இது போதும்."

"தூங்கியிருப்பான்டி" என்றார் சாவிக்காரர்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். மகள் பல் மருத்துவமனையில் உதவியாளர். மாமியார் ஊதச் சொல்வார், மகள் வாயைத் திறக்கச் சொல்வாள், மாப்பிள்ளை ஒரு கண்ணை மூடச் சொல்வார். ஊரார் முகத்தில் இந்தக் குடும்பம் விட்டுவைத்தது காது ஒன்றைத்தான்.

போன வருடம்தான் வினை வந்தது. கல்யாணமாகி முதல் டிசம்பர். இருபத்தாறாம் தேதி காலை ஒன்பது மணி வாக்கில் இருவரும் வருவதாக ஏற்பாடு. சொன்னபடி வந்தார்கள். மெயின் ரோட்டில் அக்கா கருவியோடு நின்ற இடத்துக்கு வந்தார்கள். சட்டைப் பொத்தானை மட்டும் பார்த்து "ஊதுங்க" என்று குழாயை நீட்டிய பிறகுதான் பக்கத்து சீட்டிலிருந்து "அம்மா" என்று குரல் கேட்டது. நிமிர்ந்தால், வாயில் குழாயோடு மாப்பிள்ளை. மாமியார் சொல்லை முதல் வருடமே தட்டலாமா? ஊதிவிட்டார். முந்தின நாள் நண்பர் வீட்டு விருந்து. எண் எல்லையைத் தாண்டி ஒரு முடி அளவு மேலே நின்றது.

ஜீப் ஓட்டுகிற வழுக்கைத் தலை ஏட்டு, மெஷின் சில சமயம் தப்பாகக் காட்டும் என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். அக்கா சீட்டை எழுதினார். அன்றைக்கு அவர் கையெழுத்து எப்போதையும்விட நன்றாக அமைந்தது.

"மாப்பிள்ளை, இங்க ஒரு கையெழுத்து போடுங்க. வண்டி ஸ்டேஷன்ல இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் ஜீப்ல ஏறுங்க, நம்ம வீட்டுக்குத்தானே."

மாமியார் வீடு என்றால் ஜெயில் என்று ஊரில் விளையாட்டாகச் சொல்வார்கள். தலைக்கு மேலே நீல விளக்கு சுழல மாப்பிள்ளை வந்து இறங்கியதைத் தெருவே மாடியில் ஏறி நின்று பார்த்தது. விளக்கை அணைக்க ஏட்டு மறந்துவிட்டார். வாசலில் வரவேற்க நின்ற சாவிக்காரருக்கு யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று புரியவில்லை. ஜீப்புக்கு வணக்கம் வைத்தார். சாப்பிட உட்கார்ந்தார்கள். கடைசியில் மகள் தட்டைத் தள்ளினாள்.

"ஒரு முடி அளவும்மா. எங்கம்மாவா இருக்க ஒனக்கு ஒரு முடி அளவு இடம்கூட இல்லியா?"

மத்தியான பஸ்ஸில் இருவரும் போய்விட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு ஆறு மாதம் ஓட்டுநர் உரிமம் கிடையாது. மாப்பிள்ளை முறுக்கு எதுவும் காட்டாமல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். முறுக்கிக்கொண்டது மகள்தான். அப்பாவோடு மட்டும் பேசினாள், அதுவும் அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து. ஊரில் எவன் எத்தனை மணிக்குக் குடிப்பான் என்று சொல்கிற அக்காவுக்கு இது தெரியாமல் போகுமா? வீட்டுக்கு வந்ததும் மேஜைமேல் கிடக்கும் கணவரின் போனைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் அன்றைக்கு நிறையப் பேச்சு. என்ன பேசினாள் என்று கேட்க மாட்டார். மேஜையை ஒழுங்குபடுத்துவதுபோலப் போனைக் கையில் எடுப்பார், சூடு ஆறும்வரை வைத்திருப்பார், பிறகு தள்ளி வைப்பார்.

இந்த வருடம் நவம்பர் கடைசியில் சாவிக்காரர் பேச்சை எடுத்தார். மகள் வருகிறாளாம். வேண்டுமென்றே அதே இருபத்தாறாம் தேதி காலை. ஒரே நிபந்தனை, அம்மா அன்றைக்கு ரோட்டில் நிற்கக்கூடாது, வீட்டில் இருக்க வேண்டும். அம்மா வீட்டிலா ரோட்டிலா என்று அவளுக்கு ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். தாயைப் போலப் பிள்ளை. அவளும் ஒரு குழாயை நீட்டிவிட்டாள்.

அக்கா விடுப்பு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். காரணம் என்ற இடத்தில் 'மாப்பிள்ளை வருகை' என்று எழுதினார். போன வருடத்து ஜீப் ஊர்வலத்தை நினைத்து நிலையமே சிரிக்கும் என்று அடித்தார். 'உடல்நலம் இல்லை' என்று எழுதினார். பொய் என்று கிழித்தார். மூன்றாவது தாளை எழுதி முடித்து, மடித்து, இருபத்துநாலாம் தேதிவரை சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். அன்றைக்குக் காலை பெருக்குகிற அம்மா வழியில் நிறுத்தி, நாளன்றைக்கு வருவீர்கள்தானே என்று கேட்டார். "அன்னிக்கு ஒரு நாள்தான் நான் முதுகைத் திருப்பிக்கிட்டுப் பெருக்குவேன். நீங்க இருக்கீங்கல்ல" என்றார். அக்கா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, பத்து மணிக்கெல்லாம் ஓடி வந்துவிடுவதாகக் கணவரிடம் சொன்னார். சாவிக்காரர் ஒரு சாவியை வெகுநேரம் அராவிக்கொண்டிருந்தார். அந்தச் சாவி அதற்கப்புறம் எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை.

அராவும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வருவதே அபூர்வம், வந்ததும் சும்மா விடவில்லை. மகளுக்குப் போன் போட்டு, அம்மா லீவு போட்டாயிற்று என்று சொன்னார். மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், சந்தைக்குப் பின்பக்க ரோட்டில் வாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். மெயின் ரோட்டில் இருக்கும் ஒரே பள்ளம் தன் மனைவிதான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இருபத்தாறாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு ஏட்டு வழக்கம்போல மெயின் ரோட்டுக்கு ஜீப்பைத் திருப்பினார். அக்கா மடியில் போன வருடத்து டிசம்பர் தாள். அதில் மாட்டிய ஒன்பது பேரையும் விரல் வைத்து எண்ணினார். எட்டு பேர் யாரோ. ஒன்பதாவது பேரின்மேல் விரல் கொஞ்சம் தங்கியது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"போன வருசம் இங்க சுட்டுக்கிட்டவன் இந்த வருசம் இங்க வர மாட்டான். சந்தைக்குப் பின்னால வருவான். வண்டியத் திருப்புங்க."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக இடம் மாறியது. பெருக்குகிற அம்மாவின் தெருக்களுக்கு அந்த ரோடும் போகிறது.

சந்தை விடுமுறை. பின்பக்க ரோட்டில் இரு பக்கமும் இழுத்து மூடிய கிடங்குகள், அடுக்கி வைத்த காலி மரப்பெட்டிகள். ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் சிக்கினார்கள். நால்வரும் சலவைச் சட்டை. தன் கணிப்பை நினைத்து அக்காவுக்கே தோளைத் தட்டிக்கொள்ளத் தோன்றியது. அப்போது ரோட்டின் கோடியில் ஒரு பச்சை வண்டி திரும்பியது.

முதலில் அடையாளம் கண்டவர் ஏட்டு. அக்கா, ஒரு டீ குடித்துவிட்டு வரலாமா என்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் தன் காசில் டீ வாங்கித் தருவதாகச் சொன்னதும் அதுதான் முதல் தடவை. அக்கா வண்டியையே பார்த்தார். மகள் வந்த வழி, கணவர் வெகுநேரம் அராவிய சாவி, இன்று காலை அவர் வழக்கமில்லாமல் அடித்த சீழ்க்கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் மண்டைக்குள் பூட்டுத் திறந்தன.

அவர்களுக்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஒரு சந்து பிரிகிறது. வண்டி சந்து வாயில் வந்து நின்றது. உள்ளே மகள் கையை ஆட்டி என்னவோ சொல்வது தெரிந்தது. இடது பக்க விளக்கு மூன்று முறை கண் சிமிட்டியது. திரும்பிவிட்டால் யாருக்கும் வம்பில்லை; பார்க்கவே இல்லை என்று ஏட்டு எழுதித் தரக்கூடத் தயாராக இருந்தார். விளக்கு அணைந்தது. வண்டி நேராக வந்து, ரோட்டில் போட்டிருந்த நிறுத்தக் கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நின்றது.

கண்ணாடி இறங்கியது. மகள் அம்மாவைப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "லீவுன்னாரு அப்பா."

அக்காவின் ஒரு கையில் கருவி, மறு கையில் உறை பிரித்த வெள்ளைக் குழாய். இருபத்தாறு வருடமாகத் தானாக வந்த சொல் வரவில்லை. சார்ஜ் இல்லை போலிருக்கிறது என்று ஏட்டு மறுபடியும் ஆகாயத்திடம் சொன்னார். மாப்பிள்ளைதான் கையை நீட்டினார்.

"குடுங்க அத்தை. போன வருசம் எனக்கே தெரியாது. இந்த வருசம் தெரியும். இருந்தாலும் குடுங்க."

வாயில் வைத்து ஊதினார். ஊரையெல்லாம் கண்ணை மூடச் சொல்கிறவர் தன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, காது சிவக்க, வயிற்றிலிருந்து ஊதினார். அக்கா எண்ணைப் பார்க்கவில்லை. பதினோரு வருடத்துக்கு அப்புறம், ஊதுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னங்கள் உப்பின. கருவி கீச்சென்று கத்தியது. அப்போதும் அவர் குனியவில்லை. ஏட்டுதான் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"சைபர்க்கா."

கன்னம் இறங்கவில்லை. மூச்சு விட வேண்டும் என்பதே அக்காவுக்கு மறந்துபோய்விட்டது. மகள் அப்போதுதான் திரும்பினாள். உப்பிய கன்னமும் உருண்ட கண்ணுமாக ஜன்னலில் நின்ற அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சீட் பெல்ட்டைக் கழற்றினாள். குழாயை இன்னும் வாயிலேயே வைத்திருந்த மாப்பிள்ளையின்மேல் சாய்ந்து, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஒரு விரலால் அந்தக் கன்னத்தில் குத்தினாள்.